ஒவ்வாமைக்கான அவசர ஊசி: தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

(மலையகத்தில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒரே ஓர் ஊசியைப் பற்றி. உங்களில் எல்லாருக்கும் அது தேவைப்படாது. ஆனால் தேவைப்படும் வீட்டில், தேவைப்படும் நாளில், பதினைந்து நிமிடத்துக்குள் அது உடம்பில் ஏற வேண்டியிருக்கும். அதனால் அந்த நாள் வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலைகளைச் சொல்கிறேன்.

உங்களில் பலருடைய குடும்பங்கள் 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் இந்த மலைகளை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவை. அங்கிருந்து யுத்தத்தோடு கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பெரியவர்களுக்குத் தேயிலை மலை பழகிய இடம். முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புது இடம். இங்கே இருக்கும் குளவியும் அவர்களுக்குப் புதிது.

எது சாதாரணம், எது ஆபத்து

குளவி கொட்டினால் யாருக்கும் வலிக்கும், கொட்டின இடம் வீங்கும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. சிலருடைய உடம்பு மட்டும் அந்த விஷத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். கொட்டினது கையிலாக இருக்கும். ஆனால் உடம்பு முழுக்கத் தடிப்பு எழும்பும், உதடும் நாக்கும் வீங்கும், குரல் அடைக்கும், மூச்சு இழுக்கும், வாந்தி வரும், தலை சுற்றி விழுவார்கள். இதுதான் கடுமையான ஒவ்வாமை. மீன், இறால், கச்சான், பசுப்பால், முட்டை போன்ற சாப்பாட்டாலும் சில மருந்துகளாலும் இதே நிலை வரலாம்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, முதல்முறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த முறையும் ஆகாது என்று சொல்ல முடியாது. முதல் கொட்டில் உடம்பு அந்த விஷத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் ஒரே ஒரு கொட்டு போதும். இரண்டாவது, நேரம். இப்படி இறந்துபோனவர்களைப் பற்றி பிரித்தானியாவில் ஆராய்ந்து பார்த்தார்கள். சாப்பாட்டால் வந்தவர்களுக்கு இதயம் நிற்க ஏறத்தாழ 30 நிமிடம் ஆகியிருந்தது. பூச்சி கொட்டியவர்களுக்கு ஏறத்தாழ 15 நிமிடம்தான். மேல் மலையிலிருந்து தோட்டத்து ரோட்டுக்கு இறங்கி வரவே அவ்வளவு நேரம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலையை மாற்றும் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அது வீக்கத்தைக் குறைக்கும், மூச்சுக் குழாயைத் திறக்கும், விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும். இந்த மூன்றையும் சில நிமிடங்களில் செய்யக்கூடிய வேறு மருந்து இல்லை.

"பிரிட்டன் குளிசை கொடுத்தால் சரிவராதா?" என்று கேட்பீர்கள். பிரிட்டன் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைத்த மூச்சைத் திறக்காது. வைத்தியசாலையில் போடும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் அட்ரினலினுக்குப் பதில் ஆகாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது பலருக்குக் கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு. அதைத் தடுக்க எந்த மருந்து உதவும் என்று இலங்கையின் 3 வைத்தியசாலைகளில் 1007 நோயாளர்களிடம் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் போட்டவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை தெளிவாகக் குறைந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனும், பிரிட்டனைப் போன்ற இன்னொரு மருந்தும் அந்தப் பலனைத் தரவில்லை.

கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். ஆறுதலுக்குத் தடவினால் தடவுங்கள்; ஆனால் சுண்ணாம்பைத் தேடி ஒரு நிமிடமும் போகக் கூடாது.

உங்கள் கையில் இருக்கும் பேனா

உங்களில் சிலரிடம் பேனா போன்ற ஒரு கருவி இருக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பியது. உள்ளே அட்ரினலினும் ஊசியும் தயாராக இருக்கும். மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் ஊசி தானாக இறங்கும். எபிபென் என்ற பெயரில் அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்ற கருவி இந்த வகைதான். ஜெக்ஸ்ட் போன்ற வேறு பெயர்களிலும் வருகிறது.

இதற்கான மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கியவர்கள் உண்டு. "அப்படி ஒன்று இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்து, மருந்தே இந்த நாட்டில் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை நடக்கிறது. இன்று நான் சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: பேனா இங்கே கிடைப்பது கஷ்டம், அதற்குள் இருக்கும் மருந்து இங்கே இருக்கிறது.

பேனா இங்கே மட்டும் அரிதானது என்று நினைக்க வேண்டாம். உலக நாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் அது சாதாரணமாகக் கிடைக்கிறது. கிடைக்கும் இடத்திலும் மலிவில்லை. 2016இல் அமெரிக்காவில் இரண்டு பேனா கொண்ட ஒரு பெட்டியின் விலை 600 டொலர் அளவுக்கு ஏறி, அந்நாட்டு மக்களே கொதித்து எழுந்தார்கள். அந்த விலை கருவிக்கானது. உள்ளே இருக்கும் மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, மலிவான, பழைய மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் வரும். அரசாங்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் மருந்து அது. அங்கே உங்களுக்கு அது இலவசம்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பெட்டியில் "எபிநெப்ரின்" என்று எழுதியிருக்கும். இலங்கையில் அதையே "அட்ரினலின்" என்பார்கள். இரண்டும் ஒரே மருந்து. எபிபென் என்று கேட்டு இல்லையென்றால், அட்ரினலின் ஊசி என்று கேளுங்கள்.

துண்டை இந்த நாட்டுத் துண்டாக மாற்றுங்கள்

வெளிநாட்டு டொக்டரோ தமிழ்நாட்டு டொக்டரோ எழுதிய துண்டுக்கு இங்குள்ள பார்மசிக்காரர் மருந்து கொடுக்க மாட்டார். இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த டொக்டர் எழுதிய துண்டு வேண்டும். ஆகவே முதல் பயணம் பார்மசிக்கு அல்ல, வைத்தியசாலைக்கு.

உங்களுக்குக் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். பெரியவர்களென்றால் மெடிக்கல் கிளினிக்குக்கும், பிள்ளைகளென்றால் சிறுவர் கிளினிக்குக்கும் அனுப்பும்படி கேளுங்கள். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத்தவர்களுக்கு டிக்கோயாவிலுள்ள கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை. கொட்டகலை, லிந்துலை பக்கத்தவர்கள் உங்கள் ஊர் வைத்தியசாலையிலேயே காட்டி, அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம்.

போகும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: பழைய துண்டு, முகாமில் இருந்தபோது வைத்தியசாலையில் தந்த காகிதங்கள், மருந்துப் பெட்டி, இருந்தால் அந்தப் பேனா. காலாவதியான பேனாவையும் எறிந்துவிட வேண்டாம். எந்த அளவு மருந்து கொடுத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. காகிதங்களின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போட்டோப் பிரதியைக் கொடுங்கள்.

காகிதம் ஒன்றும் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். இடம்பெயர்ந்த வாழ்க்கையில் எத்தனையோ தொலைந்து போயிருக்கும். என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொன்னால் போதும். எது கொட்டியது அல்லது எதைச் சாப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, உடம்பில் என்னென்ன தெரிந்தது, மூச்சு இழுத்ததா, மயங்கினாரா, என்ன மருந்து போட்டார்கள். இதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தோட்டத்தில் நாம் எல்லாவற்றையும் "குளவி" என்று சொல்லிவிடுவோம். டொக்டருக்கு அது போதாது. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பெரிய அடை தொங்கவிட்டுக் கூட்டமாக வந்து தாக்குவது பெரும்பாலும் மலைத்தேனீ. சிங்களத்தில் அதை "பம்பரா" என்பார்கள். கொட்டிய பிறகு தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும். குளவியை அவர்கள் "தெபரா" என்பார்கள். அது கொடுக்கை விட்டுப் போகாது. ஒரே குளவி பல தடவை கொட்டும். ஒன்றின் விஷத்துக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு மற்றதற்கும் இருக்க வேண்டும் என்றில்லை. அதனால் தோலில் கொடுக்கு இருந்ததா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். ஒவ்வாமை என்பதற்குச் சிங்களத்தில் "அசாத்மிகதாவ". "அலர்ஜி" என்றாலும் எல்லோருக்கும் விளங்கும்.

இன்னும் இரண்டு விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒன்று, ஆஸ்துமா இருக்கிறதா என்பது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஒவ்வாமை இன்னும் ஆபத்து. மற்றது, பிரஷருக்கும் இதயத்துக்கும் போடும் குளிசைகள். அவற்றில் சில வகை அட்ரினலின் வேலை செய்வதைக் குறைக்கும். குளிசை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

கிளினிக்கிலிருந்து வெளியே வரும்போது மூன்று பொருட்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒவ்வாமை என்ன என்று எழுதியிருக்க வேண்டும். அட்ரினலின் என்ற பெயர், அளவு, எத்தனை என்பதோடு டொக்டரின் கையொப்பமும் பதிவு இலக்கமும் உள்ள துண்டு வேண்டும். அவசரத்தில் என்ன செய்வது என்று எழுதிய ஒரு தாள் வேண்டும். கேளாமல் சிலவேளை கிடைக்காது. மரியாதையாகக் கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

எதற்கு ஒவ்வாமை என்றே தெரியாவிட்டால், கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவில் பரிசோதனை செய்யும் வசதி இருக்கிறது. கிளினிக் டொக்டரின் கடிதத்தோடுதான் போக வேண்டும். பஸ் காசு செலவழித்துச் சும்மா போய் நிற்காதீர்கள்.

பார்மசியில் கேட்க வேண்டியது

துண்டு கிடைத்த பிறகு ஊர் ஊராக அலைய வேண்டாம். முதலில் தொலைபேசியில் கேளுங்கள். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல, கண்டியிலுள்ள பெரிய பார்மசிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கேட்க வேண்டியவை மூன்று: துண்டில் உள்ள பொருள் இருக்கிறதா? காலாவதித் திகதி என்ன? இல்லாவிட்டால் அனுமதியோடு வரவழைத்துத் தர முடியுமா, எவ்வளவு நாளாகும், என்ன விலை?

நாட்டில் பதிவு செய்யாத மருந்தை ஒரு நோயாளிக்காக வரவழைக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதி வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. அதற்கு டொக்டரின் கடிதம் தேவைப்படும். உறவினர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவருவதென்றால், மருந்துப் பெட்டியைப் பிரிக்காமல், நோயாளியின் பெயர் உள்ள துண்டோடு, கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். காலாவதிக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். பேனாவின் ஆயுள் குறைவு. பல நேரம் ஒன்று, ஒன்றரை வருடம்தான் இருக்கும்.

வாங்கும் பேனா யாருக்கு என்பதும் முக்கியம். 0.15 மில்லிகிராம் என்று எழுதியிருப்பது சிறு பிள்ளைகளுக்கு. 0.3 என்று எழுதியிருப்பது வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும். பிள்ளையின் நிறையைப் பார்த்து டொக்டர் முடிவு செய்வார். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய அளவு இன்று வளர்ந்த பிள்ளைக்குப் போதாமல் இருக்கலாம்.

பேனா கிடைக்கவே கிடைக்காவிட்டால்

அப்போது டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "பேனாவுக்குப் பதிலாக அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் வீட்டில் வைத்துக்கொள்ள எங்களுக்குப் பழக்கித் தருவீர்களா?" பேனா கிடைக்காத நாடுகளில் டொக்டர்கள் சிலருக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மருந்தை முன்பே சிரிஞ்சில் நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. நிரப்பிய சிரிஞ்சை வெளிச்சம் படாமல் வைத்து, டொக்டர் சொல்லும் திகதியில் மாற்ற வேண்டும்.

இதை நீங்களாகச் செய்யக் கூடாது. ஒரு குப்பியில் இருப்பது 1 மில்லிகிராம். பிள்ளைக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பங்குதான். பதற்றத்தில் குப்பியை உடைத்துச் சரியான கோடு வரை இழுக்க, முன்பே கைப்பழக்கம் வேண்டும். நரம்பில் போடவே கூடாது. தொடைத் தசையில் மட்டும். வீட்டில் இரண்டு பேராவது தாதியின் முன்னால் செய்து காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். அம்மா மலைக்குப் போயிருக்கும் நேரம் அம்மம்மா வீட்டில் இருப்பார். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டொக்டர் வீட்டில் வைக்க வேண்டாம் என்று சொன்னால், உங்கள் ஏற்பாடு முழுவதும் வழியில்தான் இருக்கிறது. லயத்திலிருந்து அட்ரினலின் இருக்கும் மிகக் கிட்டிய இடம் எது, அங்கே போக எத்தனை நிமிடம், இரவில் எந்த வாகனம் வரும் என்று இன்றே கணக்குப் பாருங்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போய், "ஐயா, இங்கே அட்ரினலின் இருக்கிறதா? எந்த நேரம் திறந்திருக்கும்?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் பாதித் தூரம் குறைந்தது. இல்லை என்றால், அவரைத் தாண்டி நேராகப் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டீர்கள். அதுவும் நல்லதுதான்.

பிள்ளை மடுவத்தில் பார்ப்பவருக்கும், பாடசாலையில் வகுப்பு ஆசிரியருக்கும், மலையில் கங்காணிக்கும் உங்கள் வீட்டு ஒவ்வாமையைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்கு எடுக்க மாட்டார்களோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். குளவிக்கூடு இருக்கும் நம்பருக்கு உங்களை அனுப்பாமல் இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

வைக்கும் விதம்

அட்ரினலினுக்குச் சூடும் ஆகாது, கடுங்குளிரும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. அடுப்பு மேடைக்கு மேலே புகை படும் தட்டில் வைக்காதீர்கள். பிரிஜ்ஜுக்குள் வைக்காதீர்கள். நுவரெலியாவில் தை, மாசி மாதத்து இரவில் பனி உறையும். அந்த நாட்களில் ஜன்னல் ஓரத்திலும் தகரத்தை ஒட்டியும் வைக்காமல், உள்ளறை அலுமாரியில், அதன் உறையோடு துணிக்கு நடுவே வையுங்கள். பூட்டி வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஒவ்வாமை உள்ளவர் வெளியே போகும்போது அதுவும் கூடப் போக வேண்டும். அலுமாரியில் இருக்கும் ஊசி மலையில் இருப்பவருக்கு உதவாது.

மாதம் ஒருமுறை, சம்பள நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துப் பாருங்கள். தண்ணீர் போல் தெளிவாக இருந்தால் சரி. பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால், துகள் மிதந்தால், மாற்ற வேண்டும். காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்ததற்கான அலைச்சலைத் தொடங்குங்கள்.

அந்த நேரம் வந்தால்

கூட்டை விட்டு முதலில் விலகுங்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகுங்கள். பிறகு நோயாளியைப் படுக்க வையுங்கள். கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு மிகவும் இழுத்தால் கால் நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் கிடத்துங்கள். பிள்ளைத்தாய்ச்சியை இடப்பக்கம் சாய்த்துக் கிடத்துங்கள். அவரை எழுப்பி நடக்கவைத்துக் கீழே கொண்டுவராதீர்கள். இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் எழுந்து நிற்பதே உயிரைப் பறித்துவிடும். கம்பளியிலோ படங்கிலோ படுக்க வைத்து நாலு பேர் தூக்குங்கள்.

ஊசி இருந்தால் உடனே போடுங்கள். தொடையின் வெளிப்பக்கம், நடுவில். உடுப்புக்கு மேலாலேயே பேனாவை அழுத்தலாம். எபிபென் என்றால் நீல மூடியைக் கழற்றி, செம்மஞ்சள் முனையைத் தொடையில் வைத்து அழுத்தி, அதன் தாளில் எழுதியிருக்கும் நேரம் வரை பிடித்திருங்கள். கட்டைவிரலை எந்த முனையிலும் வைக்காதீர்கள். வேறு பேனாவின் மூடியும் நிறமும் வேறாக இருக்கும். உங்களுடையதன் தாளை முன்பே வாசித்து வையுங்கள். போட்ட நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால், இன்னொன்று இருந்தால் அதையும் போடலாம்.

"ஒவ்வாமைதானா என்று தெரியாமல் போட்டுவிட்டால்?" என்று பயப்படுவீர்கள். டொக்டர் குறித்த அளவைத் தொடையில் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். தேவைப்பட்டவருக்குப் போடாமல் காத்திருப்பதுதான் ஆபத்து. காலாவதியானது மட்டும்தான் கையில் இருக்கிறது, மருந்து தெளிவாகத்தான் இருக்கிறது என்றால், ஒன்றும் போடாமல் இருப்பதைவிட அதைப் போடுவது நல்லது.

ஒருவர் ஊசி போடும்போதே இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், கிட்டிய கோயில் அல்லது தொழிற்சாலை, இவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் பெரிய ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். உங்கள் லயத்தில் எந்த இடத்தில் நின்றால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அம்பியூலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் தோட்ட லொறியோ ஆட்டோவோ, கிடைத்ததில் கிளம்புங்கள்; அதிலும் படுக்க வைத்தே கொண்டுபோங்கள்.

ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம். அதனால்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். கூட்டமாகக் கொட்டி உடம்பில் பல இடத்தில் விஷம் ஏறியிருந்தால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிறுநீரகம் பாதிக்கலாம். அவரும் போக வேண்டும். அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்பதற்காக யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அவசரத்தில் முதலில் சிகிச்சை, பதிவு பிறகு.

பாவித்த பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: என்ன நடந்தது என்று எழுதிய நோய் அட்டை, பாவித்த ஊசிக்குப் பதிலாக அடுத்ததற்கான துண்டு. ஊசி இல்லாமல் வீட்டுக்கு வரும் நாளிலும் குளவி இருக்கும். வேலை நேரத்தில் கொட்டியிருந்தால் தோட்ட அலுவலகத்தில் அன்றே பதியச் சொல்லுங்கள். தொழிலாளர் நட்டஈடு பற்றிப் பிறகு கேட்க அந்தப் பதிவும் நோய் அட்டையும் தேவைப்படும்.

இந்த வாரத்துக்குள்

உங்கள் வீட்டில் யாருக்காவது முன்பு ஒருமுறை உடம்பு முழுக்கத் தடித்து மூச்சு இழுத்திருந்தால், இந்த வாரத்துக்குள் ஐந்து காரியம் செய்யுங்கள்.

1. பழைய துண்டும் காகிதமும் பேனாவும் ஒரே பைக்குள் இருக்கட்டும்.

2. கிட்டிய வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் பெயர் பதியுங்கள்.

3. தோட்டத்து மருந்துக் காம்பராவில் அட்ரினலின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. கங்காணிக்கும் ஆசிரியருக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

5. 1990 என்ற இலக்கத்தையும், இரவில் வரக்கூடிய ஓர் ஆட்டோக்காரரின் இலக்கத்தையும் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதுங்கள்.

கிளினிக்குக்கு எழுத உதவி வேண்டுமென்றால், சிங்களத்தில் பேச ஆள் வேண்டுமென்றால், இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்த எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் கூட வருவார். உங்கள் காகிதங்களைப் பார்க்க நானும் கூட்டம் முடிந்த பிறகு இங்கேயே இருக்கிறேன். கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள்.